பதின்மூன்றாம் வாரத்தில் நின்ற ஆய்வு: ஃபியாலூரிடினும் கல்லீரல் திசுவின் டிஎன்ஏ ஆக்கமும்

பின்னணி

1990களின் தொடக்கத்தில் நாட்பட்ட ஹெபடைட்டிஸ் பி தொற்றுக்கு அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றிருந்த மருந்து இன்டர்ஃபெரான் ஆல்ஃபா ஊசி ஒன்றுதான். அதனால் நிலையான பயன் கண்டவர்கள் சிறுபான்மையினர். காய்ச்சலும் சோர்வும் மன அழுத்தமும் பலரைச் சிகிச்சையின் நடுவிலேயே விலகச் செய்தன. வாயால் உட்கொள்ளத்தக்க, வைரஸின் டிஎன்ஏ பெருக்கத்தை நேராகத் தடுக்கிற ஒரு மருந்து வந்தால் சிகிச்சையின் முகமே மாறும் என்ற எதிர்பார்ப்பு அப்போது நியாயமானதாகவே இருந்தது. ஃபியாலூரிடின் என்னும் நியூக்ளியோசைடு ஒப்புப்பொருள், அதாவது டிஎன்ஏவின் கட்டுமானக் கூறு ஒன்றைப் போலவே அமைந்த மருந்து, அந்த எதிர்பார்ப்பை நிறைவேற்றும் எனத் தோன்றியது.

1993இல் மேரிலாந்து மாநிலம் பெதஸ்டாவிலுள்ள தேசிய சுகாதார நிறுவனங்களின் மருத்துவ மையத்தில் நடந்த இரண்டாம் கட்ட ஆய்வும், அதன் முடிவும், பிறகு விலங்குத் திசுக்களில் நடந்த தேடலும் இங்கே பதிவாகின்றன. நோயாளிகள் எவரையும் அடையாளம் காட்டும் விவரம் இதில் இல்லை. நிகழ்வின் போக்கு மருத்துவ இதழ்களிலும் அரசு அறிக்கைகளிலும் வெளிவந்ததே. இதைத் திரும்பப் படிக்க வேண்டியதன் காரணம் மரணங்களின் எண்ணிக்கை மட்டுமன்று, "இந்த மருந்து டிஎன்ஏ ஆக்கத்தைப் பாதிக்கிறதா?" என்று விலங்குத் திசுவிடம் கேட்கப்பட்ட கேள்வியிலேயே ஒரு குறை இருந்தது என்பதும் ஆகும்.

மருந்தின் வேதியியல்

ஃபியாலூரிடின், டிஎன்ஏவின் கட்டுமானக் கூறுகளில் ஒன்றான தைமிடினைப் போன்றது. தைமிடினின் காரப்பகுதியில் மீத்தைல் தொகுதி இருக்குமிடத்தில் இதில் ஓர் அயோடின் அணு உள்ளது. சர்க்கரையின் இரண்டாம் கார்பனில் ஃப்ளோரின் சேர்க்கப்பட்டுள்ளது. அயோடின் அணுவும் மீத்தைல் தொகுதியும் பருமனில் ஏறக்குறைய ஒன்றே என்பதால், தைமிடினை ஏற்கும் நொதிகள் பலவற்றால் இரண்டையும் எளிதில் பிரித்தறிய முடிவதில்லை. உயிரணுவுக்குள் புகுந்ததும் தைமிடின் கைனேஸ் நொதிகள் இதில் பாஸ்பேட்டைச் சேர்க்கின்றன. மூன்று பாஸ்பேட்டுகள் சேர்ந்த வடிவம், டிஎன்ஏ இழையை ஆக்கும் நொதியான டிஎன்ஏ பாலிமரேஸின் கண்ணுக்குத் தைமிடின் டிரைபாஸ்பேட்டாகவே தெரிகிறது.

இங்கே கவனிக்க வேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. எய்ட்ஸ் சிகிச்சையில் அப்போது புழக்கத்திலிருந்த சிடோவுடினில், சர்க்கரையின் மூன்றாம் கார்பனில் ஹைட்ராக்சில் தொகுதி இல்லை. அது டிஎன்ஏ இழையில் சேர்ந்தால் அடுத்த நியூக்ளியோடைடு ஒட்ட இடமின்றி இழை அங்கேயே முடிந்துவிடும். ஃபியாலூரிடினில் அந்த ஹைட்ராக்சில் அப்படியே இருக்கிறது. ஆகவே இழை அங்கு முடிவதில்லை. மருந்து இழையின் நடுவிலேயே அமர்ந்துகொள்ள, ஆக்கம் அதைத் தாண்டி மேலே செல்லக்கூடும். சுவர் எழும்பிக்கொண்டே போகும்போது இடையிடையே பொருந்தாத செங்கல் வைக்கப்பட்டதற்கு இது ஒப்பு. வேலை நின்றால் குறை அன்றே தெரியும். நிற்காதபோது தெரிவதற்கு நாளாகும்.

ஆய்வுக்கு முன் கையிலிருந்த சான்றுகள்

சுண்டெலி, எலி, நாய், குரங்கு ஆகியவற்றில் நச்சியல் சோதனைகள் நடந்திருந்தன. எடைக்கு எடை மனிதருக்குத் தர எண்ணியதைவிடப் பன்மடங்கு உயர்ந்த அளவுகளிலும், பின்னால் மனிதரிடம் கண்ட கல்லீரல் செயலிழப்பு இவ்விலங்குகளில் தோன்றவில்லை. மனிதரில் இரண்டு வாரமும் நான்கு வாரமும் நீடித்த குறுகிய ஆய்வுகளில் வைரஸ் டிஎன்ஏவின் அளவு வேகமாகச் சரிந்தது. சிலருக்குச் சோர்வும் குமட்டலும் இருந்தன. அவை வேறு காரணங்களுடன் பொருத்தப்பட்டன.

இவ்வகை மருந்துகளின் தீங்கை ஆய்வாளர்கள் வழக்கமாகத் தேடுமிடம் உயிரணுக்கள் வேகமாகப் பிரியும் திசுக்கள்: எலும்பு மஜ்ஜை, குடலின் உட்படலம் ஆகியவை. டிஎன்ஏ ஆக்கத்தைத் தடுக்கும் பொருள், டிஎன்ஏ அதிகம் ஆக்கப்படும் இடத்தில்தான் முதலில் தாக்கும் என்பது தர்க்கம். புற்றுநோய் மருந்துகளின் அனுபவம் இதை வலுப்படுத்தியிருந்தது. அந்தத் தர்க்கத்தின்படி வளர்ந்த விலங்கின் கல்லீரல் பாதுகாப்பான திசு. அதன் உயிரணுக்கள் அரிதாகவே பிரிகின்றன.

கதிரியக்கத் தைமிடினைச் செலுத்தி, அது டிஎன்ஏவில் எவ்வளவு சேர்கிறது என்று அளக்கும் பழைய முறையும் இதே திசையில்தான் பார்க்க வைக்கும். உயிரணுவுக்கு ஆற்றல் ஆக்கும் நுண்ணுறுப்புகளான மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தனி டிஎன்ஏ உண்டு. ஓர் உயிரணுவின் மொத்த டிஎன்ஏவில் அதற்கு உரிய பங்கு ஏறத்தாழ ஒரு சதவீதம் அல்லது அதற்கும் குறைவு. அந்தப் பங்கின் ஆக்கம் முழுவதுமாக நின்றுபோனாலும், திசுவின் மொத்த அளவீட்டில் அது பிழை எல்லைக்குள் மறைந்துவிடும்.

ஆனாலும் எச்சரிக்கைக்குரிய முன்னறிவு ஏதும் இல்லை என்று சொல்வதற்கில்லை. இதே வகையைச் சேர்ந்த எய்ட்ஸ் மருந்தான சால்சிடபின், வளர்ப்பு உயிரணுக்களின் மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏவைக் குறைப்பது 1989இலேயே காட்டப்பட்டிருந்தது. சிடோவுடினை நெடுநாள் உட்கொண்டவர்களின் தசைத் திசுவில் மைட்டோகாண்ட்ரியா சிதைவது 1990, 1991 ஆண்டுகளின் ஆய்வுகளில் வெளியாகியிருந்தது. இந்த அறிவு இருந்தும் அது கல்லீரலுக்குப் பொருத்திப் பார்க்கப்படவில்லை.

1993 மார்ச் முதல் ஜூன் வரை

ஆய்வு மார்ச் இறுதியில் தொடங்கியது. 15 நோயாளிகள் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 0.10 மில்லிகிராம் அல்லது 0.25 மில்லிகிராம் மருந்து பெற்றனர். திட்டமிட்ட காலம் 24 வாரம். ஒன்று அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அனைவரும் பரிசோதிக்கப்பட்டனர். அக்காலத்தின் அளவுகோல்படி இது நெருக்கமான கண்காணிப்பே.

முதல் சில வாரங்கள் நம்பிக்கை அளித்தன. வைரஸ் டிஎன்ஏ குறைந்தது. பெரும் தொல்லை எதுவும் இல்லை. பிறகு சிலரிடம் குமட்டல், களைப்பு, கால்களில் எரிச்சலும் மரத்துப்போதலும் தோன்றின. கல்லீரல் நொதிகளின் அளவு பார்க்கப்பட்டது. ஹெபடைட்டிஸ் பி சிகிச்சையில் இந்த நொதிகளின் உயர்வு இருபொருள் தரக்கூடியது. இன்டர்ஃபெரான் பெறுவோரிடம் நொதிகள் திடீரென உயர்ந்து தணிவது, உடலின் எதிர்ப்பாற்றல் தொற்றுள்ள உயிரணுக்களை அழிப்பதன் அடையாளமாக, சில வேளை நற்குறியாகவே கொள்ளப்படும். எனவே மிதமான உயர்வு எவரையும் உடனே அச்சுறுத்தவில்லை.

அலனின் அமினோடிரான்ஸ்ஃபெரேஸ் என்னும் அந்த நொதி, கல்லீரல் உயிரணு உடையும்போது இரத்தத்தில் கசிவது. உயிரணு உடையாமல், உள்ளுக்குள் ஆற்றல் இழந்து கொழுப்பேறி நிற்கும் நிலையை அது காட்டாது. இந்த ஆய்வில் நடந்தது அந்த இரண்டாம் வகைச் சேதம். மைட்டோகாண்ட்ரியா செயலிழக்கும்போது இரத்தத்தில் சேரும் லாக்டேட்டின் அளவு ஒழுங்காகப் பார்க்கப்பட்டிருந்தால் செய்தி முன்பே வந்திருக்கக்கூடும் என்பது என் கருத்து. அந்நாளில் அதை வழக்கமாகப் பார்க்கக் காரணம் இருந்ததாக எவருக்கும் தோன்றவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நிறுத்தும் முடிவு

பதின்மூன்றாம் வாரத்தில் நோயாளிகளில் ஒருவருக்குத் திடீரென லாக்டிக் அமிலத் தேக்கமும் கல்லீரல் செயலிழப்பும் ஏற்பட்டன. ஆய்வு அவசர அடிப்படையில் நிறுத்தப்பட்டது. அனைவரும் மருந்தை விட்டுவிடும்படி அறிவுறுத்தப்பட்டனர். ஒருவரின் நிலையைக் கண்டே மற்ற அனைவருக்கும் மருந்தை நிறுத்தியது சரியான முடிவு என்பதில் பின்னால் வந்த மதிப்பீடுகள் எதுவும் ஐயம் எழுப்பவில்லை. தனிநிகழ்வு என்று கருதி ஒரு வாரம் காத்திருந்தால் இழப்பு கூடியிருக்கும்.

ஆனால் நிறுத்தியதும் தீங்கு நிற்கவில்லை. ஏழு பேருக்குக் கடுமையான கல்லீரல் நச்சு இருப்பது தெரியவந்தது. மருந்து முற்றாக நின்ற பிறகும் அவர்களின் அமிலத் தேக்கம் வளர்ந்தது, மஞ்சள் காமாலை கூடியது, இரத்தம் உறைவதற்கான புரதங்களை ஆக்கும் திறன் சரிந்தது. மேலும் மூவருக்கு இலேசான பாதிப்பு. பலருக்குக் கணைய அழற்சி, நரம்புக் கோளாறு, தசைக் கோளாறு ஆகியவையும் சேர்ந்தே வந்தன. கடும் பாதிப்புக்குள்ளான ஏழு பேரில் ஐவர் இறந்தனர். இருவர் கல்லீரல் மாற்று அறுவைக்குப் பின் உயிர் பிழைத்தனர்.

சாதாரண மருந்து நச்சில், மருந்தை விட்டால் இரத்தத்திலிருந்து அது வடிய வடிய உறுப்பு தேறத் தொடங்கும். இங்கே அப்படி நடக்காததே, தீங்கு இரத்தத்தில் இருக்கும் மருந்தால் அன்று, ஏற்கெனவே திசுவின் டிஎன்ஏவுக்குள் அமர்ந்துவிட்ட மருந்தால் என்பதற்கு முதல் தடயம்.

திசுக்களில் கண்டது

கல்லீரல் திசுவை நுண்ணோக்கியில் பார்த்தபோது உயிரணுக்களுக்குள் சிறிதும் பெரிதுமான கொழுப்புத் துளிகள் செறிந்திருந்தன. உயிரணு இறப்பு மிகக் குறைவு. கல்லீரலின் கட்டமைப்பும் பெரிதாகக் குலையவில்லை. மின்னணு நுண்ணோக்கியில் மைட்டோகாண்ட்ரியா உருக்குலைந்து காணப்பட்டன. கொழுப்பும் லாக்டேட்டும் ஒரே காரணத்தின் இரு விளைவுகள். மைட்டோகாண்ட்ரியா செயலிழந்தால் கொழுப்பு அமிலங்கள் எரிக்கப்படாமல் தேங்கும். குளுக்கோஸ் சிதைந்து உண்டாகும் பைருவேட்டும் எரிக்கப்படாமல் லாக்டேட்டாக மாறிக் குவியும்.

மனித மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ 16,569 கார இணைகள் கொண்ட ஒரு வட்டம். அதில் 37 மரபணுக்கள். 13 மட்டுமே புரதங்களுக்கு உரியவை, அவை அனைத்தும் ஆற்றல் ஆக்கும் தொடரின் உறுப்புகள். இந்த வட்டத்தைப் படியெடுப்பது பாலிமரேஸ் காமா என்னும் நொதி. உயிரணு பிரிகிறதோ இல்லையோ, இந்தப் படியெடுப்பு நடந்துகொண்டே இருக்கும். எலியின் திசுக்களில் 1969இல் அளந்தபோது, மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏவின் அரை ஆயுள் இதயத்தில் சுமார் 7 நாள், கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் 10 நாளை ஒட்டி, மூளையில் ஏறக்குறைய ஒரு மாதம் எனத் தெரிந்தது. உட்கருவில் டிஎன்ஏ ஆக்கம் அமைதியாக உறங்கும் கல்லீரல் உயிரணுவில் மற்றொரு டிஎன்ஏ ஆக்கம் இரவும் பகலும் நடக்கிறது.

நொதிகளின் பங்கீடும் இதற்கு ஏற்றாற்போல் அமைந்துள்ளது. தைமிடின் கைனேஸ் 1 உயிரணு பிரியும் காலத்தில்தான் பெருகும். தைமிடின் கைனேஸ் 2 மைட்டோகாண்ட்ரியாவுக்குள், பிரியாத உயிரணுக்களிலும், எப்போதும் இருக்கும். ஓய்விலிருக்கும் திசுவில் ஃபியாலூரிடினைச் செயல்வடிவாக்கும் வேலை அங்கே நடக்கிறது. செயல்வடிவம் பிறக்குமிடமும் அது தாக்குமிடமும் ஒன்றாகிவிடுகின்றன. கல்லீரல், தசை, நரம்பு, கணையம் என்று நோயாளிகளிடம் கண்ட பட்டியலைப் பாருங்கள். வேகமாகப் பிரியும் திசு ஒன்றுகூட அதில் முதன்மை பெறவில்லை.

கல்லீரல் வழி வந்த ஹெப்-ஜி2 உயிரணு வளர்ப்புகளில் நடந்த ஆய்வுகள் முதலில் ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றின. சிலவற்றில் மருந்துக்குப் பின்னும் மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏவின் அளவு குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை; ஆனாலும் லாக்டேட் கூடியது, கொழுப்புத் துளிகள் தோன்றின, மைட்டோகாண்ட்ரியாவின் வடிவம் மாறியது. 1996இல் வந்த ஓர் ஆய்வு டிஎன்ஏ அளவும் குறைவதைக் காட்டியதுடன், பாலிமரேஸ் காமா தடைபடும் இடத்தையும் சுட்டியது: ஒப்புப்பொருள் அடுத்தடுத்துப் பல முறை சேர வேண்டிய இடங்களில் ஆக்கம் தடுமாறுகிறது. ஒற்றையாகச் சேர்ந்த இடத்தை நொதி தாண்டிவிடுகிறது. தொடர்ச்சியாகச் சேர்ந்தால் தாண்ட முடிவதில்லை. இழை முடிக்கும் மருந்துகளுக்கு வகுத்த சோதனைகள் இம்மருந்தை ஏன் எளிதில் பிடிக்கவில்லை என்பதற்கு இது ஒரு விளக்கம். டிஎன்ஏ எவ்வளவு இருக்கிறது என்பது ஒரு கேள்வி. இருக்கும் டிஎன்ஏ சரியாகப் படிக்கத்தக்கதாக இருக்கிறதா என்பது வேறு கேள்வி. முதலாவதற்குக் கிடைத்த நல்ல விடையை இரண்டாவதற்கும் விடையாகக் கொள்ள முடியாது.

விலங்குத் திசுவை மீண்டும் சோதித்தபோது

1994இல் வெளியான ஓர் ஆய்வு, நெடுநாள் வாய்வழி மருந்து பெற்ற நாய், குரங்கு, எலி ஆகியவற்றின் டிஎன்ஏவுக்குள் ஃபியாலூரிடின் சேர்ந்து தேங்கியிருப்பதைக் காட்டியது. மருந்து விலங்குகளின் டிஎன்ஏவை அணுகவே இல்லை என்று இனிக் கூற வழியில்லை. அணுகியது, ஆயினும் மனிதரிடம் கண்ட பேரழிவு அங்கே உருவாகவில்லை.

மனிதரை ஒத்த நோய் வெளிப்பட்ட விலங்கு வுட்சக் என்னும் வட அமெரிக்கக் கொறித்துண்ணி. அதற்கு ஹெபடைட்டிஸ் பி வைரஸுக்கு உறவான ஒரு வைரஸ் தொற்று இயற்கையாகவே உண்டு. நான்கு வாரம் மருந்து தந்தபோது வைரஸ் குறைந்தது, நச்சு தெரியவில்லை. கிலோவுக்கு 1.5 மில்லிகிராம் வீதம் 12 வாரத்துக்கு நீட்டியபோது, ஆறு ஏழு வாரங்களுக்குப் பின் தீனி குறையத் தொடங்கியது. பிறகு எடை இழப்பு, தசை மெலிவு, சோம்பல், அமிலத் தேக்கம், கல்லீரல் செயலிழப்பு. சிகிச்சை தொடங்கிய 78ஆம் நாளுக்கும் 111ஆம் நாளுக்கும் இடையில் மருந்து பெற்ற விலங்குகள் அனைத்தும் இறந்தன அல்லது கருணைக்கொலை செய்யப்பட்டன. அவற்றின் திசுக்களில் மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏ குறைந்திருந்தது, கொழுப்பு தேங்கியிருந்தது. நான்கு வாரச் சோதனையும் பன்னிரண்டு வாரச் சோதனையும் ஒரே விலங்கில், ஒரே மருந்தைப் பற்றி, நேரெதிர் விடைகளைத் தந்தன. இந்த நிகழ்வின் எல்லாச் சான்றுகளிலும் எனக்கு முதன்மையாகப் படுவது இதுதான். மனித ஆய்வுகளும் இதே வடிவில்தான் அமைந்தன: நான்கு வாரத்தில் அமைதி, பதின்மூன்றாம் வாரத்தில் வீழ்ச்சி.

எலி இனங்கள் தப்பித்ததற்கு ஒரு விளக்கம் 2006இல் வந்தது. நியூக்ளியோசைடுகளைச் சவ்வின் ஊடே கடத்தும் ஈஎன்டி1 என்னும் புரதம் மனித உயிரணுவில் மைட்டோகாண்ட்ரியாவின் சவ்விலும் இடம்பெறுகிறது. அங்கே செல்லும்படி அதற்கு வழிகாட்டும் சிறு அமினோ அமிலத் தொடர் சுண்டெலியின் புரதத்தில் இல்லை. அதாவது சுண்டெலியின் கல்லீரல் உயிரணுவுக்குள் மருந்து புகுந்தாலும் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போதிய அளவு புகுவதில்லை. 2014இல், மனிதக் கல்லீரல் உயிரணுக்கள் குடியேற்றப்பட்ட சுண்டெலிகளில் இம்மருந்து கல்லீரல் செயலிழப்பை உண்டாக்கியது. அத்தகைய குடியேற்றம் இல்லாத சுண்டெலிகள் அதே அளவைத் தாங்கின.

விசாரணைகளின் முடிவு

அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் பணிக்குழு 1993 நவம்பரில் கண்டிப்பான அறிக்கை தந்தது. முந்தைய குறுகிய ஆய்வுகளில் கண்ட சில அறிகுறிகள் மருந்தினால் வந்திருக்கலாம் என்ற ஐயத்துக்கு இடம் தராமல் நோயோடும் பிற மருந்துகளோடும் பொருத்தப்பட்டதை அது சுட்டியது. அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த மருத்துவக் கழகம் (Institute of Medicine) 1995இல் தந்த மதிப்பாய்வு வேறு நிலைப்பாடு கொண்டது: அன்றைய அறிவைக் கொண்டு இந்தத் தீங்கை முன்னறிந்திருக்க இயலாது, ஆய்வாளர்களிடம் அலட்சியம் இல்லை என்பது அதன் சாரம். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத் தேவையில்லை என்று கருதுகிறேன். தனித்தனி மருத்துவர்களின் தீர்ப்பு ஒவ்வொன்றும் நியாயமாக இருந்துகொண்டே, எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் பொறுப்பு எவரிடமும் இல்லாமல் போவது நடக்கக்கூடியதே.

பின்னர் மாறியவை

புதிய நியூக்ளியோசைடு ஒப்புப்பொருள் எதுவும் இன்று மைட்டோகாண்ட்ரியச் சோதனையின்றி நெடுநாள் மனித ஆய்வுக்கு வருவதில்லை. பாலிமரேஸ் காமா அதை எவ்வளவு எளிதில் ஏற்கிறது, உயிரணு வளர்ப்பில் லாக்டேட் கூடுகிறதா, மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏ குறைகிறதா என்பவை தனித்தனியே பார்க்கப்படுகின்றன. வளர்ப்பு ஊடகத்தில் குளுக்கோஸுக்குப் பதில் கேலக்டோஸ் இடும் வழக்கமும் வந்தது. குளுக்கோஸ் நிறைந்த ஊடகத்தில் உயிரணு மைட்டோகாண்ட்ரியா இல்லாமலும் பிழைத்துக்கொள்வதால், சேதம் வெளித்தெரிவதில்லை. 1998 முதல் ஹெபடைட்டிஸ் பிக்கு ஒப்புதல் பெற்ற லாமிவுடினை பாலிமரேஸ் காமா மிகக் குறைவாகவே ஏற்கிறது. எனினும் இவ்வகை மருந்துகளின் குறிப்பேடுகளில் லாக்டிக் அமிலத் தேக்கம், கொழுப்பேறிய கல்லீரல் வீக்கம் ஆகியவை பற்றிய எச்சரிக்கை நெடுங்காலம் இடம்பெற்றது.

இதே ஆய்வை இன்று வடிவமைப்பதாயின் நான் மூன்றை வலியுறுத்துவேன். மனிதருக்குத் தரப்போகும் காலத்தைவிடக் குறையாத காலத்துக்கு, மருந்தை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் ஏற்கும் என்று முன்கூட்டியே உறுதிசெய்யப்பட்ட ஒரு விலங்கில் சோதனை. பிரியாத திசுக்களின் டிஎன்ஏவை உட்கருவினுடையது, மைட்டோகாண்ட்ரியாவினுடையது என்று பிரித்து அளப்பது. மருந்து நின்ற பின்னும் மாதக்கணக்கில் நோயாளிகளைத் தொடர்வது. கடைசியானது செலவு மிக்கது, அலுப்பூட்டுவது, ஆகவே முதலில் வெட்டப்படுவது.

இவையெல்லாம் நடைமுறைக்கு வந்த பிறகும், ஃபியாலூரிடினுக்கு வேதியியல் உறவான கிளெவுடின் 2006இல் தென் கொரியாவில் ஒப்புதல் பெற்றது. குறுகிய ஆய்வுகளில் அது நன்கு தாங்கப்பட்டது. மாதக்கணக்கில் தொடர்ந்து உட்கொண்டவர்களில் சிலருக்குத் தசை பலவீனம் தோன்றி, திசு ஆய்வில் மைட்டோகாண்ட்ரியச் சேதம் கண்டறியப்பட்டது. 2009இல் அதன் பன்னாட்டு மூன்றாம் கட்ட ஆய்வுகள் நிறுத்தப்பட்டன. இம்முறை தாக்கப்பட்ட திசு கல்லீரல் அன்று, எலும்புத்தசை. அதுவும் உயிரணுக்கள் பிரியாத திசுவே.